முப்பத்தெட்டாவது கோப்பை

ஏப்ரல். கெமி ஆறு இன்னும் உறைந்தே கிடக்கிறது.
பசுமைக்குடிலுக்குள் ரைலி
பழைய கதவுச் சட்டத்தில் பாலிதீன் விரித்து
ஓரம் மடித்து ஆணியடித்தாள்.
தட்டு தயார்.
இரண்டு விரற்கடை வெதுவெதுப்பான நீர்.

போன வருடம் பூவாளியால் மேலிருந்து ஊற்றி
பாதித் தக்காளியைப் படுக்க வைத்தவள்.

தயிர்க் கோப்பைகளை இறக்கிவிட்டுக்
காப்பியோடு உட்கார்ந்தாள்.
மேல்மண் கறுத்துக்கொண்டு வருகிறது,
விளிம்பில் தொடங்கி நடுவுக்கு.
இலையில் ஒரு சொட்டு இல்லை.

முப்பத்தெட்டாவது மட்டும் வெளிறியே இருக்கிறது.
மணி பதினொன்று.
தண்ணீரில்தான் நிற்கிறது, தாகத்தோடு.

தூக்கிப் பார்த்தாள்.
அடியில் துளையே இல்லை.

"டௌனோ, இது நீ குத்தினதுதானே?"
வானொலியில் பனிச்சறுக்குப் போட்டி. பதில் வரவில்லை.

விறகடுப்பில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சினாள்.
ஸ்ஸ்
என்றது பிளாஸ்டிக்.
திரும்ப இறக்கினாள்.

காப்பி ஆறிவிட்டது.
குடித்தாள், விளிம்பையே பார்த்தபடி.