பதினோரு எழுத்து

மூன்று மாதச் சம்பள பாக்கியை அனுப்ப
கப்பல் கம்பெனி கேட்டது
ஸ்விஃப்ட் கோடு.
பாஸ்புக்கில் இருந்த ஐஎஃப்எஸ்சியை அனுப்பினேன்.
அது உள்ளூர்க்காரனாம்.
ஜீரோ கேட்டைத் தாண்டத் தெரியாதாம்.

தண்டையார்பேட்டைக் கிளையில்
கவுண்டர் மூடும் நேரம்.
"நம்ம பிராஞ்சுக்குத் தனியா கிடையாது சார்"
என்ற ஹேமலதா மேடம்
சலானைத் திருப்பி எழுதித் தந்தார்.
முதல் நாலு, வங்கி.
அடுத்து ஐ, என்: நாடு.
அப்புறம் ரெண்டு, ஊர்.
கடைசி மூன்றும் எக்ஸ்.
தலைமை அலுவலகம் என்று அர்த்தமாம்.
எனக்கென்னவோ
ஒவ்வொரு துறைமுகத்திலும்
சொல்ல ஒன்றுமில்லாத கட்டங்களில்
நான் போட்டுவிட்டு வந்த பெருக்கல் குறி.

மணிக்கூண்டு டீக்கடையில் நின்றபடியே
பதினொன்றையும் இரண்டு தரம் பார்த்தேன்.
ஓவா, சைபரா?
ஓதான்.

ஒன்பதாம் நாள்
கடல் தாண்டி, மும்பை தாண்டி
வந்தது பணம்.
அன்று மாலையே திரும்பியும் போனது.
"கோடெல்லாம் கரெக்ட் சார்,
பேருதான் இடிக்குது."

பாஸ்போர்ட்டில்
இஸட்டும் ஹெச்சும் போட்ட எழிலரசன்.
பாஸ்புக்கில்
யாரோ எல் போட்டு முடித்த எளிலரசன்.
அஃபிடவிட், நோட்டரி, மறுபடி டோக்கன்.
போக வர கமிஷன் மட்டும்
சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி இழுக்க
விடிகாலை நாலு மணிக்கு
சந்தின் முனையில் வண்டியை நிறுத்துகிற ரெஜிஸுக்கு
இரண்டு எழிலரசனையும் தெரியாது.
இருட்டைப் பார்த்து ஒரே குரல்:
"எயிலு, வா நைனா!"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே
வெளியே வருவது
நான்தான்.