கிளை

எங்கள் கிளையில் பதினான்கு பேர்.
நிலாவெளிக் கரையில் நின்று
இரண்டுதரம் எண்ணி ஏற்றினேன்.
வருடாந்தச் சுற்றுலா. ஏற்பாடு: கடன் பிரிவு,
அதாவது நான்.

பிரியாணிப் பார்சல், சோடாப் போத்தல், லஞ்ச் ஷீற் கட்டு
எல்லாவற்றையும் வாடியிலேயே இறக்கச் சொன்னான் ஹில்மி.
"தீவுக்கு வயிறில்ல மிஸ்.
போடுறத அது எங்க வைக்கும்?"
முகாமையாளருக்கு முகம் கறுத்தது.
காசாளர் கமலவேணி கைநிறையப் பூசிய கிரீமின்
தேங்காய் வாசம் படகுவரை வந்தது.
ஹில்மி ஒன்றும் சொல்லவில்லை.
குழாயடியைக் காட்டினான்.
கயிற்றில் காய்ந்த தன் நீளக்கைச் சட்டையை
உருவிக் கொடுத்தான். மீன் மணத்தது.
அவள் போட்டுக்கொண்டாள்;
படம் எடுக்க மட்டும் விடவில்லை.

பத்து நிமிடக் கடல்.
வைகாசி. அலை இருந்ததாக ஞாபகமில்லை.
புறாத்தீவு இரண்டு பாறையாய் எழும்பி வந்தது.
நாங்கள் இறங்கிய இடத்தில்
ஏற்கனவே ஒரு சந்தை இறங்கியிருந்தது.
"நிக்காதீங்க. மிதங்க."
அவன் தந்த பயிற்சி அவ்வளவுதான்.

முகத்தை உள்ளே வைத்தேன்.
மேலே இருந்த இரைச்சல் அறுந்தது.
கிளிமீன்கள் மேய்கிற சத்தம்
நறுக் நறுக்கென்று,
பக்கத்து வீட்டில் யாரோ கற்கண்டு கடிப்பதுபோல.
மான்கொம்புகள் தவிட்டு நிறத்தில், நுனி மட்டும் நீலம்.
நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு வெளி.
அழகென்று நினைத்தேன்.
அங்கே மீன் ஒன்றுமில்லை என்பது
பிறகுதான் உறைத்தது.

கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது.
ஒரு மிடறு உப்பு.
முழங்கால் ஆழம்தானே என்று
முழங்காலை ஊன்றினேன்.

நறுக்.

கிளிமீன் அல்ல.

விரல் நீளத் துண்டு. தூக்கிப் பார்த்தால்
மேலெல்லாம் ஊசிக்கண் ஊசிக்கண்ணாய் வாசல்கள்.
வாசலுக்கு ஓர் ஆள் குடியிருப்பதாக
முதல்நாள் நானே
அறிவித்தல் பலகையில் ஒட்டிய தாளில் இருந்தது.
எங்கள் கிளையில் பதினான்கு பேர்.
இந்தக் கிளையில் எத்தனை பேரென்று
எண்ணத் தொடங்கி அறுபதில் விட்டுவிட்டேன்.
யாரும் பார்க்கவில்லை.
உடைந்த கோப்பையை அலுமாரியில்
நல்ல பக்கம் தெரியத் திருப்பி வைப்பவளைப்போல
இடுக்கொன்றில் அதைச் செருகிவிட்டு நீந்தினேன்.

திரும்பும்போது ஹில்மி இஞ்சினை இழுக்காமல் நின்றான்.
திலக்சனின் பொக்கற் புடைத்திருந்தது:
மீன்தொட்டிக்கென்று கரையில் பொறுக்கிய துண்டுகள்.
எல்லோரையும்விட உரத்து
அவனை ஏசியது நான்.
அவன் ஒவ்வொன்றாய் எறிந்தான்,
கடைசியை மட்டும் கொஞ்சம் தயங்கி.

பிறகு ஹில்மி இரத்தத்தைப் பார்த்தான்.
தன் குடிதண்ணீரை என் முழங்காலில் ஊற்றினான்.
"ஆறக் கொஞ்சக் காலம் எடுக்கும்."
எதைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

நான்கு கிழமை கசிந்தது.
மருந்து கட்டிய தாதி
பொடிப்பொடியாய் வெள்ளையை எடுத்துத் தட்டில் வைத்தாள்.
"சுண்ணாம்பு மாதிரிக் கிடக்கு" என்றாள்.
அன்றிரவு வாடகை வீட்டின் பின்மதிலில்
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
பூச்சு உதிர்ந்த இடமெல்லாம்
அதே ஊசிக்கண் வாசல்கள்.
பதினொரு வருடமாய் இதில்தான்
ஆணி அடித்துத் துணிக்கொடி கட்டியிருக்கிறேன்.

இந்த வருடச் சுற்றறிக்கையும் என் பொறுப்பு.
ஒரு படகு. எட்டுப் பேர்.
நீளக்கைச் சட்டை. கிரீம் வேண்டாம்.
நிற்க விரும்புகிறவர்கள் கரையிலேயே நிற்கலாம்.
சாப்பாடு திரும்பி வந்த பிறகு.

முகாமையாளர் சிவப்பு மையில் கேட்டு அனுப்பினார்:
அதற்குள் பிரியாணி ஆறிப்போகுமே?

ஆறட்டும் என்று
அடியில் எழுதி ஒப்பமிட்டேன்.