இந்தப் பக்கம் மேலே

பாயான் லெப்பாஸில் கதவடைத்து
எண்பது நிமிடம்.
செப்பாங்குக்கு மேல் இடி நின்றுகொண்டிருக்கிறது,
எங்களுக்கு இன்னும் வரிசை எண் இல்லை.
ஹஃபீஸ் மறுபடியும் எரிபொருளைக் கூட்டிப் பார்க்கிறான்.
கோப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன்,
மலாயில், ஆங்கிலத்தில்.
தமிழில் கேட்க எங்கள் நிறுவனத்தில் வழக்கமில்லை.

பிறகு கதவில் குத்து விழுந்தது.
துப்பாக்கிக் குண்டு துளைக்காத கதவு அது.
வசவு துளைக்கும்.

"டேய், பொம்பளைய விட்டுப் பேசச் சொல்லிட்டு
உள்ள ஒளிஞ்சிருக்கியா?
ஆம்பளையா இருந்தா வெளிய வாடா!"

ஆம்பளையாக இல்லாததால்
இருக்கையிலேயே இருந்தேன்.
கையேடும் அதையேதான் சொல்கிறது.

"என்ன சொல்கிறார், கேப்டன்?" என்றான் ஹஃபீஸ்.
"எப்போது கிளம்புவோம் என்று கேட்கிறார்."
அடுத்து என் தாயைப் பற்றி ஒன்று சொன்னார்.
அதையும் மொழிபெயர்த்தேன்:
"ரொம்ப அவசரமாம்."

உள்தொலைபேசியில் சூ யின்.
பதினான்கு சி. குடித்திருக்கவில்லை.
அஸ்ரியின் சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.
பதினொரு வருடமாக நடுங்காத குரல் அவளுடையது.

இறக்கிவிடுங்கள் என்று சொல்ல இரண்டு நொடி போதும்.
அதற்குள் பெயர்ப்பட்டியலைப் பார்த்திருக்கக் கூடாது.
குணாளன் ஏ எல் மருதப்பன்.
பட்டர்வொர்த்தில் எங்கள் வரிசை வீடுகளில் மட்டும்
மூன்று மருதப்பன்கள்.

இறக்கிவிடுங்கள் என்றேன்.

காவலர்கள் வந்ததும் அமைதியாகப் போனாராம்,
கழன்ற செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு,
பக்கத்து இருக்கைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு.
நூற்று எழுபது பேர் கைதட்டினார்கள்.
கதவைத் துளைத்து அதுவும் வந்தது.

ஆள் இல்லாமல் அவர் சாமான் பறக்கக் கூடாது.
மழையில் விமானத்தின் வயிற்றைத் திறந்து
இருபத்திரண்டு நிமிடம் தேடினார்கள்.
கடைசியில், சிவப்பு ராஃபியாக் கயிறு கட்டிய
ஒரு மைலோ அட்டைப்பெட்டி.
ஏணிப்பாலத்தின் அடியில் கொண்டுவந்து போட்டான் பையன்.

கண்ணாடியில் நெற்றி ஒட்டப் பார்த்தேன்.
மார்க்கர் பேனாவில், பெரிய எழுத்தில்:
இந்தப் பக்கம் மேலே. மெதுவாக.
அம்புக்குறி போட அவருக்குத் தோன்றவில்லை.
எழுத்தெல்லாம் தலைகீழாக நனைந்துகொண்டிருந்தது.

தரையில் நின்ற ரஸாலியைக் கூப்பிட்டேன்.
"அபாங், அந்தப் பெட்டியைத் திருப்பி வையுங்கள்."
"எந்தப் பெட்டி?"
"மைலோ."
"போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கேப்டன்."
"தெரியும். திருப்பி வையுங்கள்."

மஞ்சள் மழைச்சட்டையில் குனிந்து புரட்டினார்.
பிறகு, ஏனோ, காதருகே தூக்கி
ஆட்டிப் பார்த்தார்.
"உள்ளே ஏதோ கலகலக்கிறது."

அந்நேரம் பார்த்து வரிசை எண் வந்தது.

இரவு ஒன்றரை மணிக்குச் செப்பாங்கில் படிவம்.
பயன்படுத்திய சொற்கள் என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.
வாசலில் அஸ்ரி, கையில் என் குடையோடு.
"வேன் காத்திருக்கிறது, கேப்டன்."
அவன் சட்டையில் மேல் பொத்தான் இல்லை.
இருந்த இடத்தில் நூல் மட்டும் நீண்டிருந்தது.

உட்கார் என்றேன்.
கோட்டை அடித்துவிட்டு
அவர் சொன்னதையெல்லாம் எழுதினேன்,
என் தாயைப் பற்றியதையும்,
இந்த முறை சரியாக மொழிபெயர்த்து.