அடுத்த ஷட்டவுனில்

நின்றால் அணைந்துவிடுகிறது.
முதுநகர் ரயில்வே கேட்டில் நேற்று
உதைத்து உதைத்துக் கால் மரத்தது.
பின்னால் மீன் ஏற்றிய டாட்டா ஏஸ்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஞாயிறு. இரண்டாம் ஷிப்டுக்கு நாலு மணி நேரம் இருக்கிறது.
இரண்டாயிரத்து நான்காம் வருடத்துப் பல்சர்;
மூன்று பேர் ஓட்டிச் சலித்து என்னிடம் வந்தது.
சோக்கை இழுத்து ஓடவிட்டு,
தில்லையரசி இஸ்திரிக்குத் தெளிக்கும் பாட்டிலை எடுத்து
கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே
அந்த ரப்பர் கழுத்தில் தண்ணீர் தெளித்தேன்.
ஒரு விக்கல்.
மறுபடி தெளித்தேன். மறுபடி விக்கல்.
அங்கேதான் காற்று திருடுகிறது.

வாசலில் சாக்கை விரித்துக் கழற்றினேன்.
வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாக, முழுசாக, ஒழுங்காக இருக்கிறது.
வளைத்தால்தான்
ஒவ்வொரு மடிப்பிலும் வாய் திறக்கிறது.
வளைக்காமல் பார்த்தால்
எல்லா ரப்பரும் நல்ல ரப்பர்தான்.

கிண்ணத்து கேஸ்கட் ஊறிப் பெருத்து
தன் பள்ளத்துக்குள் திரும்ப உட்கார மறுத்தது.
ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டை. நகம் பதியவில்லை.
டயாஃப்ரத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தேன்:
ஓரத்தில் ஒரு கடுகளவு வெளிச்சம்.
அறுபதைத் தாண்டவிடாமல்
பச்சையாங்குப்பம் ரோட்டில் என்னை இழுத்துப் பிடித்தது
இந்தக் கடுகுதானா?

மகளின் சைக்கிளில் மஞ்சக்குப்பம் போனேன்.
ஜக்கரியா பாதி ஷட்டரை இறக்கியிருந்தார்.
'இப்ப வர்ற பெட்ரோல் ரப்பரைத் தின்னுதுங்க.
டூப்ளிகேட் கிட் நூத்தியெண்பது,
ஒரிஜினல்னா பாண்டிக்குத்தான் போவணும்' என்றவர்
என் கையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்,
கல்லாவுக்குக் கீழே குனிந்தார்.
சேத்தியாத்தோப்பு ஆள் ஒருவர் சொல்லிவைத்து
ஒரு வருடமாக வராத டயாஃப்ரம்.
பிஸ்டனோடு சேர்த்துத்தான் தருவானாம் கம்பெனி.
ஆயிரத்து நூறு. ஓ-ரிங் மட்டும் பன்னிரண்டு ரூபாய்.

புது ரப்பரின் விளிம்பைப் பள்ளத்தில் விரலால் ஓட்டி,
மூடியை அழுத்தி,
திருகாணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக.
ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது.
இது பிளான்ட்டில் கற்ற கை.
மூன்றாம் ரியாக்டர் மூடிக்கும் இப்படித்தான் இறுக்குவோம்.
அதன் கேஸ்கட்டைக் கடைசியாக மாற்றியது நான்.
போன ஷட்டவுனில் அல்ல,
அதற்கு முந்தியதில்.

போனதில், அந்த அளவு ஸ்டோரில் இல்லை என்றார்கள்.
அடுத்த ஷட்டவுனில் பார்க்கலாம் என்றார்கள்.
ரெஜிஸ்டரில் நிலை என்ற கட்டத்தில்
நன்று, நன்று, நன்று,
ஷிப்டுக்கு ஒன்று. கையெழுத்து என்னுடையது.
பொய்யில்லை, பார்த்துத்தான் எழுதினேன்.
வளைத்துப் பார்க்கவில்லை.
வளைக்கக் கழற்ற வேண்டும்.
கழற்ற நிறுத்த வேண்டும்.
நிறுத்த, சென்னையில் யாரோ ஒருவர்
போனை எடுக்க வேண்டும்.

முதல் உதையில் பிடித்துக்கொண்டது வண்டி.
பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீர் முழுக்கத் தெளித்தேன்;
விக்கவில்லை.
தில்லையரசி ஜன்னலில் வந்து
'என் தண்ணி எங்க?' என்றாள்.

கேட் மூடியிருந்தது. விழுப்புரம் பாசஞ்சர் போகிறவரை
அணையாமல் நின்றது, சின்னதாக முனகிக்கொண்டு.
சிப்காட் வளைவில் எண்பது தொட்டேன்.
காற்று கடலிலிருந்து வீசியது.
நாளை எந்தப் பக்கமிருந்து வீசுமோ.

இரவு எட்டரை. ரெஜிஸ்டர்.
நகக்கண்ணில் இன்னும் கறுப்பு.
இத்தனை நாள் எழுதியது சின்னச் சொல்,
கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கும்.
இன்று எழுதியது
கட்டத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி
அடுத்த வரியிலும் போய் நின்றது.

வீரசோழன் தோள்வழியாக எட்டிப் படித்தான்.
'என்னண்ணே, மூணாம் நம்பரைக்
கழட்டிப் பாத்துட்டியா?'

'இல்லடா.
அதைத்தான் எழுதியிருக்கேன்.'