வயர் கொண்டு வரவும்

கரடிப்போக்குச் சந்தி ரியூசன் கொட்டிலின் வாசலில்
வெண்கட்டியால் எழுதி வைத்தேன்:
வயர் கொண்டு வரவும்.
இருபத்திரண்டு பேர் வந்தார்கள்.
ஒன்பது பேரிடம் வயர் இருந்தது.

மற்றவர்களின் கொன்ரோலர்களை
ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டு மூடினேன்.
"ஆடேக்க எடு. ஆடி முடிய
இணைப்பை அறுத்துப்போட்டுத் திருப்பி வை."
தகரத்துக்குள் அவை இடைக்கிடை உறுமின,
பிடிபட்ட நண்டுகளைப் போல.

வவுனியாவிலிருந்து வந்த கீர்த்திகன்
அளந்த கணக்கைப் போனில் வைத்திருந்தான்.
"அண்ணை, இப்ப காத்து வயரை விடக் கெதி.
நாலு மில்லிசெக்கன். வடிவாப் பாருங்கோ."
பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது.

"நான் கெதியைப் பற்றிக் கதைக்கேல்லை,"
என்றாள் கஜரூபி.
"எது எங்க போகுதெண்டு எனக்குத் தெரியோணும்."

கிழமையில் ஐந்து நாள்
முகமாலையில் முழங்காலில் நிற்பவள்,
ஒரு சாண் மண்ணுக்கு அரை மணித்தியாலம்.
முகமூடிப் பட்டியின் தடம் நெற்றியை விட்டுப் போவதில்லை.
அவளுடையது ஒன்றரை மீற்றர் வயர்.
ஆதலால் முதலாம் வகுப்பு வாங்கில்
திரையை மூக்கு முட்ட இருந்து ஆடுவாள்.

அரையிறுதி. கடைசிச் சுற்று.
அவளுடைய உயிர்க்கோடு நகக்கீற்று.
கீர்த்திகன் பாய்ந்தான். தடுத்தாள்.
திரும்பப் பாய்ந்தான். தடுத்தாள்.
பெருவிரல் கால்வட்டம் அடித்தது,
அவனை மேலே தூக்கினாள்,
முதலடி, இரண்டாமடி,
மூன்றாவதுக்கு முன்

படம் நின்றது.

அந்தரத்தில் அவன். அவனுக்குக் கீழே அவளுடைய கை.
நடுவில் ஒரு சாம்பல் பெட்டி:
தொடரவா, வெளியேறவா?

இருவரும் கையை உயர்த்திக் காட்டினார்கள்.
கொட்டில் கொதித்தது.
நிறுத்தியவருக்குச் சுற்றுப் போகும், அது சட்டம்.
நிறுத்தியது ஆர்?
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தகரத்தைப் பார்த்தேன்.

கஜரூபி எழும்பினாள்.
"எல்லாரும் நிண்ட இடத்திலயே நில்லுங்கோ."
சத்தமில்லை. வேலையிடத்துக் குரல்.
ரோல்ஸ் கடித்தவன் கடித்தபடி நின்றான்.

சுவரோரம் தொடங்கினாள்.
ஒரு வாங்கு, அதன் கீழ், அதில் கிடந்த பை.
முடிந்த இடத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு.
பிறகு அடுத்தது.
ஒன்றையும் தாண்டவில்லை,
என்னுடைய ஹெல்மெற்றைக்கூட.

ஐந்தாவது வரிசையில் லதுசனின் பை.
இதே செற்றில் காலையில் தோற்றவன்,
தகரத்தை மறந்தவன்.
தண்ணீர்ப் போத்தல் சரிந்து கிடந்தது,
அதன் அடியில்
நீல வெளிச்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
முதலில் போத்தலை எடுத்தாள்.
பிறகுதான், இரண்டு கையாலும், அதை.

"சத்தியமா நான் தொடேல்லை அக்கா."
"தெரியும்," என்றாள்.

போத்தலுக்கு என் சட்டத்தில் இடமில்லை.
மூன்று எண்ணித் தொடரச் சொன்னேன்.
கீர்த்திகன் நேர்மையாகத்தான் காத்திருந்தான்.
ஆனால் நின்ற கை திரும்ப ஓடும்போது
அதே கை இல்லை.
மூன்றாவது அடி வெறும் வெளியில் போனது.
அவன் இறங்கினான். ஒரு உதை. அவ்வளவுதான்.

அரையிறுதியில் தோற்றவருக்கு ஐந்நூறு ரூபா ரீலோட்.
அவள் கார்ட்டைத் திருப்பி நீட்டினாள்.
"அண்ணை, இது வேண்டாம்.
உங்கட அந்த மூண்டு மீற்றர் வயரைத் தாங்கோ."
தந்தேன்.
எட்டுப் போல மடித்துச்
சோற்றுப்பெட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு
ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடினாள்.

வாசலில் எழுத்து இன்னும் அழியவில்லை.
அடுத்த ஞாயிறு
வயர் இல்லாதவர்களில்
பதினாலாவது ஆள் நான்.