ஆறாவது கேள்வி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மீன் பாக்கெட் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி ஓரம்
மூன்று நாளாக நிற்கிறேன்,
கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவக் கட்டு.
நெய்மீன் துண்டுகள் மேல் ஒட்டிய பொட்டு
மஞ்சளாக இருந்தால் நல்ல மீன்,
பச்சையானால் அன்றைக்கே சமைக்க வேண்டும்,
நீலமென்றால் தூரப் போட வேண்டும்.
இதற்காக ஆறு ரூபாய் கூடக் கொடுப்பீர்களா
என்பது ஆறாவது கேள்வி.

"மீனுக்க தலைய வெட்டிப்போட்டு
பொட்டப் பாருன்னா எப்பிடி பிள்ளே?
கண்ணும் செவிளும் எங்க?"
கருங்கல் பஸ்சுக்கு நேரமாகி ஓடியவர் கேட்டது.
நம்பிக்கை இல்லை என்று குறித்துக்கொண்டேன்.

குழித்துறையிலிருந்து காரில் வந்த தம்பதி
பதினொரு பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து
இருப்பதிலேயே மஞ்சளானதைத் தேடினார்கள்.
எல்லாம் ஒரே மஞ்சள்.

ரப்பர் பால் வெட்டுகிற செல்லத்தங்கம்
விலை கேட்கவில்லை, நேரம் கேட்டார்:
"எத்தன மணிக்குப் பச்சையாவும்?
அப்பம் பாதி வெலதானே?"
இந்தப் பதிலுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

வியாழன் மழையில்
வெட்டுமணிப் பக்கம் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
இருட்டு மூன்று மணி நேரத்தைத் தாண்டியதும்
மேனேஜர் ரெஜின்ராஜ் ஒரு பாக்கெட்டைக் கீறி முகர்ந்தார்.
"ஒண்ணும் செய்யல்ல, நீயும் மோந்து பாரு."
முகர்ந்தேன். தலையாட்டினேன்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு
கருவாடும் பிச்சிப்பூவும் எனக்கு ஒன்றுதான்.
வீட்டில் அவர் முதல் உருண்டையை வாயில் வைக்கும்போது
முகத்தைப் பார்ப்பேன்.
அதுவே என் பொட்டு.
அவர் கல்யாண வீட்டுப் பந்தல் வேலைக்குப் போய்த் தங்கினால்
முட்டைதான்.
தண்ணீரில் போட்டு, மூழ்கினால் அவிப்பேன்.
அதற்கு மூக்கு வேண்டாம்.
யாரிடமும் சொன்னதில்லை.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
பச்சை,
பச்சை,
மூலையில் ஒன்று நீலத்தைத் தொட்டிருந்தது.
ரெஜின்ராஜ் அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.
"எளுப்பமா உரியுது, கேட்டியா?"
குரலில் ஒரு நிம்மதி.

வீட்டுக்கு வந்து
மிஞ்சிய படிவம் ஒன்றை நானே நிரப்பினேன்.
ஆறாவது கேள்விக்குக் கொடுப்பேன் என்று எழுதினேன்,
பத்து ரூபாயானாலும்.
ஏன் என்ற கோட்டை விட்டுவிட்டேன்.
கடைசியில், வேறு ஆலோசனை இருந்தால், என்ற இடத்தில்
பேனாவை அழுத்தி எழுதினேன்:
பசை போதாது.