வளையத்துக்குள் வளையம்

கோத்தகிரி. ஜூலை. பதினோரு மணிக்கும்
ஜன்னல் வெள்ளையாகவே நிற்கிறது.
ஆஸ்பத்திரி லேபில் ட்யூப்லைட், நான்,
இருபத்தேழாம் எண் சிறுநீர்.

கண்வில்லையைக் கழற்றினேன்.
அந்த ஓட்டையில் ஒரு குட்டித் தொலைநோக்கி.
நட்சத்திரத்துக்கு அல்ல,
மைக்ராஸ்கோப்பின் வயிற்றைப் பார்க்க.

உள்ளே இரண்டு வளையங்கள்.
கருப்பு, வில்லையோடு பிறந்தது, அசையாது.
வெளிச்சம், கீழிருந்து வருவது,
இடப்பக்கம் சரிந்து
ஒரு பிறை அளவு வெளியே கிடந்தது.

யார் இடித்தது?
தரை துடைக்கும் பெள்ளியம்மாவைக் கேட்க வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.
போன வாரம் அவசரமாய் உறை மாட்டியது நான்தான்.

இரண்டு திருகு.
ஒன்றைச் சமாதானப்படுத்தினால்
மற்றது கோபித்துக்கொள்கிறது.
கால் சுற்று. அரைக்கால்.
மூச்சுப் பட்டு வில்லை மங்கி,
துடைத்து, மறுபடி.

வெளிச்சம் கருப்புக்குள் போய் உட்கார்ந்தது.

சாயம் ஒரு சொட்டு இல்லை. இருந்தும்
சாம்பல் பரப்பில் சிவப்பணுக்கள் எழுந்து வந்தன.
வட்டமாய் இல்லை. விளிம்பில் காது முளைத்து,
சல்லடைக் கண்ணில் பிதுங்கி வந்தவைபோல.
கல் இப்படிச் செய்யாது.
சிறுநீரகமே கசிகிறது.

சுகந்தராணி, வயது முப்பத்தொன்று, கொழுந்து பறிப்பவர்.
போன வாரத் தாளில் என் கையெழுத்து:
'குறிப்பிடும்படி ஏதுமில்லை.'

அடித்தேன். பக்கத்தில் தேதி போட்டேன்.
தோட்டத்து ஆபீசுக்குப் போன் அடிக்கிறேன்,
மணி போகிறது, போகிறது,
எடுக்க ஆளில்லை.
இலை நிறுக்கிற நேரம்.